‘இடியட்’ - ஒரு குடும்பத்தை அழித்த வசைச்சொல்

“இடியட்!”

இந்தச் சொல்லைக் கேட்காதவர் யார்? இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவர்களுக்கும் இந்த வார்த்தை தெரியும். ஆபீசில் மேலதிகாரி, குமாஸ்தாவைப் பார்த்துச் சொல்கிறார். கணக்கில் தப்புப் போட்ட பையனைப் பார்த்து அப்பா சொல்கிறார். சினிமாவில் பணக்காரக் கதாநாயகி, தன் மீது மோதிவிட்ட கதாநாயகனைப் பார்த்துச் சொல்கிறாள். கொட்டகையில் சிரிப்பு எழுகிறது.

தமிழில் “முட்டாள்” என்றால் சண்டைக்கு வருகிறவர்கூட, “இடியட்” என்றால் சில சமயம் பேசாமல் போய்விடுகிறார். இங்கிலீஷில் திட்டு வாங்கினால் கொஞ்சம் மரியாதை போலும்!

ஆனால், இது ஒரு காலத்தில் வெறும் வசவு அல்ல. சட்டப் புத்தகத்தில் இருந்த சொல். டாக்டர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த சொல். இதற்கு இரண்டு கூட்டாளிகளும் உண்டு. ஒன்று ‘இம்பெசைல்’. மற்றொன்று ‘மோரான்’. இந்த மூன்று சொற்களும் சேர்ந்து, அமெரிக்காவில் ஓர் ஏழைப் பெண்ணின் வயிற்றில் கத்தி வைத்தன.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருமுன், இந்தச் சொல் பிறந்த ஊருக்குப் போய் வரவேண்டும்.

கிரேக்க நாட்டில்

சொல் பிறந்த ஊர் கிரேக்க நாடு. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே ‘இடியோட்டஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. அதில் வசை எதுவும் கிடையாது. பதவி எதுவும் வகிக்காமல், தன் வீடு, தன் வயல் என்று இருப்பவனுக்கு அந்தப் பெயர்.

இன்னொரு பொருளும் இருந்தது. ஒரு தொழில் தெரிந்தவனுக்கு எதிரே, அது தெரியாதவன் ‘இடியோட்டஸ்’. வைத்தியர் பக்கத்தில் நிற்கும் நோயாளி ‘இடியோட்டஸ்’. அப்படிப் பார்த்தால், எல்லோருமே ஏதாவது ஒன்றில் ‘இடியட்’தான்! பெரிய வக்கீலாக இருப்பார். உலை வைக்கத் தெரியாது. அடுப்படியில் அவர் ‘இடியட்’.

ரோமாபுரிக்காரர்கள் இந்தச் சொல்லைக் கடன் வாங்கினார்கள். அவர்கள் வாயில் அது ‘படிப்பில்லாதவன்’ என்று ஆயிற்று. பிறகு பிரெஞ்சுக்காரர்களிடம் போயிற்று. அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. அங்கே போய்ச் சேர்ந்தபோது, அதன் பொருள் ‘புத்தியில்லாதவன்’ என்று ஆகிவிட்டது.

20 காசு எண்ணத் தெரியுமா?

இங்கிலாந்தில் இந்தச் சொல்லை முதலில் இறுகப் பிடித்துக்கொண்டவர்கள், வக்கீல்கள்!

அந்த நாட்டின் பழைய சட்டம், புத்திக் குறை உள்ளவர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. பிறவியிலேயே புத்தி இல்லாதவன் ‘இடியட்’. இடையில் புத்தி கெட்டவன் ‘லூனடிக்’, அதாவது, பைத்தியம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிலம் இருந்தது! ஒருவன் பைத்தியம் என்று முடிவானால், அவனுடைய சொத்து வருமானத்தை ராஜா அவனுக்காகப் பத்திரப்படுத்த வேண்டும். ‘இடியட்’ என்று முடிவானால், வருமானம் ராஜாவுக்கே சேரும். அவனுக்குச் சோறும் துணியும் கொடுத்தால் போதும். அவன் இறந்த பிறகுதான், நிலம் வாரிசுக்குத் திரும்பும்.

இதனால், “இன்னாரை இடியட் என்று அறிவித்து, அவரை என் பொறுப்பில் கொடுங்கள்” என்று ராஜாவிடம் மனுப் போட்டவர்களும் உண்டு. பாசத்தினால் அல்ல. பண்ணையின் மீது கண்!

யார் இடியட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 12 பேர் கொண்ட ஜூரி உட்காரும். ஆளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

20 காசு எண்ணத் தெரியுமா? உன் அப்பா யார்? அம்மா யார்? உனக்கு வயது என்ன?

பதில் சொல்லிவிட்டால், அவன் இடியட் அல்ல. பிறவியிலேயே கண்ணும் தெரியாமல், காதும் கேளாமல், வாயும் பேசாமல் இருந்தவர்களையும், சட்டம் இந்தப் பட்டியலில்தான் சேர்த்தது. அவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கக்கூட வழி இல்லையே!

ஆனாலும், ஜூரிகளுக்கு இரக்கம் இருந்தது. ‘இடியட்’ என்று தீர்ப்புச் சொன்னால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் அல்லவா? அதனால் அவர்கள், “இவன் பிறவி இடியட் அல்ல, இன்ன தேதியிலிருந்துதான் புத்தி கெட்டது” என்று சொல்லிவிடுவார்கள். 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளாக்ஸ்டன் என்ற புகழ்பெற்ற சட்ட அறிஞர், ஜூரிகள் ஒருவரைப் பிறவி இடியட் என்று சொல்வது அபூர்வம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

பெயர்ப் பலகையில்

வக்கீல்களிடமிருந்து சொல்லை டாக்டர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

1855-ம் ஆண்டில், லண்டனுக்குத் தெற்கே எர்ல்ஸ்வுட் என்ற இடத்தில், பெரிய மாளிகை போன்ற ஒரு கட்டடம் திறக்கப்பட்டது. அதன் பெயர், ‘இடியட்டுகளுக்கான தேசிய விடுதி’! கேலிக்கு வைத்த பெயர் அல்ல. நல்ல மனம் படைத்தவர்கள் நன்கொடை வசூலித்துக் கட்டிய இடம் அது.

அதன் தலைமை டாக்டராக இருந்தவர் ஜான் லாங்டன் டவுன். பிள்ளைகளை அன்பாக நடத்தியவர். ஒரே மாதிரி முகச்சாயல் கொண்ட சில குழந்தைகளைப் பற்றி, 1866-ம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர்களுக்கு அவர் வைத்த பெயர்தான் வினை: ‘மங்கோலிய இடியட்டுகள்’!

ஒரே பெயரில் இரண்டு அவமானம். குழந்தைகளுக்கு ஒன்று. மங்கோலியா என்ற ஒரு நாட்டுக்கே மற்றொன்று.

அந்தப் பெயர் ஏறத்தாழ 100 ஆண்டுகள் நிலைத்தது. 1959-ம் ஆண்டில், பிரெஞ்சு விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எல்லோருடைய உடல் அணுவிலும் 46 குரோமோசோம்கள் இருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு 47. அவ்வளவுதான்! இதற்கும் மங்கோலியாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1961-ல், விஞ்ஞானிகள் 19 பேர் பெயரை மாற்றும்படி ஒரு மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். 1965-ல், மங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகளே உலக சுகாதார நிறுவனத்திடம் முறையிட்டார்கள். பிறகுதான் ‘டவுன் சிண்ட்ரோம்’ என்ற பெயர் நிலைபெற்றது.

மூன்று படிகள்

பாரீஸ் நகரில் ஆல்பிரட் பினே என்று ஓர் அறிஞர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அவர்களுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று சர்க்கார் விரும்பியது. அதற்காக, 1905-ம் ஆண்டில் பினேயும் சிமோன் என்ற டாக்டரும் ஒரு பரீட்சையை உண்டாக்கினார்கள். 6 வயதுப் பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்லும் பதில் எது, 8 வயதுப் பிள்ளைகள் சொல்லும் பதில் எது என்று வரிசைப்படுத்தினார்கள்.

புத்தி வளராமல் அப்படியே நின்றுவிடும் ஒன்று அல்ல. பயிற்சி கொடுத்தால் பிள்ளை முன்னேறும் என்பது பினேயின் நம்பிக்கை. கைகொடுப்பதற்காக அவர் செய்த ஏணி அது.

1908-ம் ஆண்டில், அந்தப் பரீட்சை அமெரிக்காவுக்குப் போனது. அங்கே ஹென்றி காடர்டு என்பவர் அதை எடுத்துக்கொண்டார். பெரியவர்களுக்கும் அதைக் கொடுத்து, ஆளை அளந்தார். எத்தனை வயதானாலும், 3 வயதுப் பிள்ளையின் புத்திகூட இல்லாவிட்டால், ‘இடியட்’. 3 முதல் 7 வயதுப் பிள்ளையின் புத்தி இருந்தால், ‘இம்பெசைல்’. 8 முதல் 12 வரை இருந்தால்?

அதற்குப் பெயர் இல்லை. 1910-ல், காடர்டு ஒரு பெயரைப் புதிதாகச் செய்தார். ‘மோரோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் மூடத்தனம். அதிலிருந்து ‘மோரான்’. இன்று அமெரிக்கர்கள் தெருச் சண்டையில் சொல்லும் இந்த வசவு, ஒரு படிப்பாளி யோசித்து யோசித்துச் செய்தது!

இப்படி ‘மோரான்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்ற பேச்சு கிளம்பியது. புத்திக் குறை, குடிப் பழக்கம், ஏழ்மை, ஒழுக்கக்கேடு எல்லாமே ரத்தத்தில் வருவது என்று பெரிய பெரிய படிப்பாளிகள் எழுதினார்கள். ஏழ்மை எப்படி ரத்தத்தில் வரும் என்று யாரும் கேட்கவில்லை.

கேரி பக்

கேரி பக் 1906-ம் ஆண்டில் பிறந்தாள். அமெரிக்காவில், வர்ஜீனியா ராஜ்யத்தில், சார்லட்ஸ்வில் என்ற ஊர். தாய் எம்மா பரம ஏழை. குழந்தையைக் காப்பாற்ற வழி இல்லை என்று, கேரியை வேறொரு குடும்பத்தார் எடுத்து வளர்த்தார்கள். அந்த வீட்டில் அவள் வேலையும் செய்தாள்; பள்ளிக்கூடத்துக்கும் போனாள். 6-ம் வகுப்பு வரை படித்தாள். “படிப்பும் நடத்தையும் மிக நன்று” என்ற பொருளில் ஆசிரியர் குறிப்பு எழுதினார். பிறகு, வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

தாய் எம்மாவை, 1920-ல் சர்க்கார் விடுதி ஒன்றில் அடைத்தார்கள். வலிப்பு நோயாளிகளுக்கும் புத்திக் குறை உள்ளவர்களுக்கும் ஏற்பட்ட விடுதி அது.

கேரிக்கு 17 வயது. அப்போதுதான் அந்தக் கொடுமை நடந்தது. வளர்ப்புத் தாயின் உறவுக்கார வாலிபன், அவளைப் பலாத்காரம் செய்தான். கேரி கர்ப்பமானாள்.

வளர்த்தவர்கள் என்ன செய்தார்கள்? அவனைப் போலீசில் ஒப்படைத்தார்களா? இல்லை. கேரிக்குப் புத்திக் குறை என்று அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தார்கள்! 1924-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. விவியன் என்று பெயர். குழந்தையை வளர்ப்புக் குடும்பம் வைத்துக்கொண்டது. கேரியை, தாய் இருந்த அதே விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பரீட்சை வைத்தார்கள். 18 வயதுப் பெண்ணுக்கு 9 வயதுப் பிள்ளையின் புத்திதான் என்று எழுதினார்கள். பெயர் கிடைத்துவிட்டது: ‘மோரான்’!

அதே 1924-ல்தான் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்திருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே கருத்தடை ஆபரேஷன் செய்யலாம் என்றது அந்தச் சட்டம். அது கோர்ட்டில் நிற்குமா என்று பார்க்க, ஒரு வழக்குத் தேவைப்பட்டது. விடுதி அதிகாரிகளின் கண்ணில் கேரி பட்டாள். தாயும் விடுதியில். மகளும் விடுதியில். பேத்தி வெளியே. மூன்று தலைமுறை!

ஐந்து மணி நேர விசாரணை

நவம்பர் மாதம் விசாரணை நடந்தது. சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. விடுதியின் பக்கம் சாட்சிகள் வரிசையாக வந்தார்கள். நியூயார்க்கிலிருந்து ஒரு நிபுணர், கேரியை ஒரு தடவைகூடப் பார்க்காமலே எழுத்துமூலம் சாட்சியம் அனுப்பினார். “அந்தக் குழந்தையின் பார்வை அவ்வளவு சரியாக இல்லை” என்கிற மாதிரி ஒரு பெண்மணி சொன்னார். குழந்தைக்கு அப்போது 8 மாதம்!

கேரிக்கும் ஒரு வக்கீல் இருந்தார். அவர் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் எப்படிப் படித்தாள் என்று கோர்ட்டில் காட்டவில்லை. கர்ப்பம் எப்படி வந்தது என்று சொல்லவில்லை. ஏன்? அவர் முன்பு அதே விடுதியின் நிர்வாக சபையில் இருந்தவர். எதிர்த்தரப்புக்கு வேண்டியவர். வேலியே பயிரை மேய்ந்தது.

வழக்கு மேலே மேலே போய், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டை அடைந்தது. 1927-ம் ஆண்டு மே 2-ந் தேதி தீர்ப்பு வந்தது. 9 நீதிபதிகளில் 8 பேர் ஒரு பக்கம். பட்லர் என்ற ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். நாடே போற்றிய சட்ட மேதை. வயது 86. அம்மை குத்திக்கொள்ளும்படி கட்டாயப்படுத்த சர்க்காருக்கு உரிமை இருக்கும்போது, இதற்கும் இருக்கிறது என்றார். மூன்று தலைமுறை ‘இம்பெசைல்கள்’ போதும் என்று எழுதினார்.

விடுதிக்காரர்களே கேரியை ‘மோரான்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். ‘இம்பெசைல்’ அதற்கும் கீழ்ப்படி. நீதிபதி அந்த வித்தியாசத்தைக்கூடப் பார்க்கவில்லை. விஞ்ஞானச் சொல் என்று சொல்லிக்கொண்டார்களே, அது சுப்ரீம் கோர்ட்டுக்குள்ளேயே வெறும் வசவாகப் போய்விட்டது.

அந்த ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி, கேரிக்கு ஆபரேஷன் நடந்தது.

தங்கை டோரிசையும் விடவில்லை. குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி, அவளுக்கும் கருத்தடை செய்துவிட்டார்கள். டோரிஸ் கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளைக்காக ஏங்கினாள். உண்மை என்ன என்பது, சுமார் 50 ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

‘மூன்றாவது இம்பெசைல்’ விவியன் என்ன ஆனாள்? பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். 1931-ம் ஆண்டில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் கௌரவப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது! அடுத்த ஆண்டு நோய் கண்டு இறந்துபோனாள். அப்போது அவளுக்கு 8 வயது.

அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பல ராஜ்யங்களில் ஆபரேஷன்கள் நடந்தன. அமெரிக்கா முழுவதும், இந்த மாதிரிச் சட்டங்களினால் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60 ஆயிரம் பேருக்கு மேல். 1933-ல் ஹிட்லரின் ஜெர்மனியும் இப்படி ஒரு சட்டம் போட்டது. அங்கே சுமார் 4 லட்சம் பேர். யுத்தம் முடிந்து, நூரம்பர்க்கில் விசாரணை நடந்தபோது, நாஜிகளின் தரப்பில் கேரி பக் தீர்ப்பை எடுத்துக் காட்டினார்கள்.

பெயர் மாறியது, கேலி மாறவில்லை

வசவு ஆகிவிட்ட சொற்களை டாக்டர்கள் மெல்லக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக ‘ரிடார்டட்’ என்ற சொல்லைப் பிடித்தார்கள். ‘தாமதமானவர்’ என்று பொருள். மென்மையான சொல். 1950-ல், அமெரிக்காவில் பெற்றோர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தபோது, தங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைத்தான் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் அதுவும் வசவு ஆயிற்று! 1992-ல், அந்தச் சங்கமே தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. 2010-ம் ஆண்டில், மத்திய சட்டங்களிலிருந்து அதை நீக்கும் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுமியின் பெயரை வைத்து, அதற்கு ‘ரோசா சட்டம்’ என்று பெயர். இப்போதைய சொல், ‘அறிவுசார் குறைபாடு’.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். ‘மென்டல்’ என்றால் மனம் சம்பந்தப்பட்டது என்று மட்டும்தான் பொருள். அதைத் தெருவில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்தியச் சட்டத்தில் ‘இடியட்’ இருந்ததா? இருந்தது! 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், 305-வது பிரிவு. சிறுவரையோ, பைத்தியத்தையோ, ‘இடியட்’டையோ தற்கொலைக்குத் தூண்டினால் கடும் தண்டனை என்றது அது. 1912-ம் ஆண்டின் பைத்தியச் சட்டத்திலும், இந்தச் சொல் இருந்தது. அது 1987-ல் வந்த மனநலச் சட்டத்தால் போயிற்று. தண்டனைச் சட்டத்தில், வெள்ளைக்காரன் போன பிறகும் உட்கார்ந்திருந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, புதிய பாரதிய நியாய சன்ஹிதா அமுலுக்கு வந்தபோதுதான், அந்த நாற்காலி காலியாயிற்று.

இன்னொரு விஷயமும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், 92-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் பார்க்கும் இடத்தில், வேண்டுமென்றே இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அவமதித்தால், அல்லது மிரட்டினால், 6 மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை. 5 ஆண்டு வரை போகலாம். அபராதமும் உண்டு. பஸ்ஸிலும், கடைத்தெருவிலும், பள்ளிக்கூட வாசலிலும் விளையாட்டாக வாயை விடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

முதுமையில்

ஆபரேஷனுக்குப் பிறகு, கேரியை விடுதியிலிருந்து வெளியே விட்டார்கள். வீட்டு வேலை செய்து பிழைத்தாள். கல்யாணம் செய்துகொண்டாள். கணவன் இறந்த பிறகு, பல ஆண்டுகள் கழித்து, மறுமணமும் செய்துகொண்டாள். ஏழ்மை மட்டும் கடைசி வரை போகவில்லை. தாய் எம்மா, 1944-ல் அதே விடுதியில் இறந்தாள்.

வயதான காலத்தில், கேரியைச் சில ஆராய்ச்சியாளர்கள் தேடிப்போய்ச் சந்தித்தார்கள். புத்திக் குறை எதையும் அவர்கள் காணவில்லை. தினமும் பத்திரிகை படிப்பாள். குறுக்கெழுத்துப் போட்டி என்றால் அவளுக்கு உயிர்.

1983-ம் ஆண்டில், முதியோர் இல்லத்தில் கேரி இறந்தாள். 2002-ம் ஆண்டு மே 2-ந் தேதி, தீர்ப்பு வந்து 75 ஆண்டுகள் ஆன அன்று, வர்ஜீனியா கவர்னர் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்குச் சார்லட்ஸ்வில்லில் அவள் பெயரால் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அதே ஊர்க் கல்லறையில்தான், சொந்தக் கையால் வளர்க்கக் கொடுத்துவைக்காத மகள் விவியனுக்குச் சற்றுத் தூரத்தில், கேரியும் புதைக்கப்பட்டிருக்கிறாள்.